மலையில் போலரைசர்: வானத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: ஒருவர் முதல்முறையாக உயரமான மலைப்பகுதிக்குப் போய் வந்திருக்கிறார். 16-35 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸில் (அகலமான காட்சியை அள்ளும் லென்ஸ்) புது போலரைசர் ஃபில்டரை, அதாவது லென்ஸின் முன்னால் சுழலும் வளையத்தில் இருக்கும் கண்ணாடியை, மாட்டி, அதன் வேலை முழுசாகத் தெரியும்வரை திருப்பித் திருப்பிப் படம் எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், பாதிப் படங்களில் வானத்தின் குறுக்கே ஒரு கருநீலப் பட்டை, அதன் இரண்டு பக்கமும் வெளுப்பு. மீதிப் படங்களில் வானம் கிட்டத்தட்ட கறுப்பு. ஃபில்டர் கோளாறா, இன்னும் உசத்தியாக ஒன்று வாங்க வேண்டுமா, இல்லை மலைக்கு இது வேண்டவே வேண்டாமா என்று கேட்கிறார்.

ஃபில்டரில் கோளாறு இல்லை. அது ஒழுங்காக வேலை செய்வதால்தான் அந்தப் பட்டையே வந்தது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதே இடத்தில் அதே பட்டை வரும். மலைக்கு போலரைசர் கட்டாயம் வேண்டும், ஆனால் வானத்துக்காக இல்லை. வானத்தை நீலமாக்கும் ஃபில்டர் என்று அதற்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பட்டையின் கதை. சூரிய ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறுவதால்தான் வானம் நீலமாகத் தெரிகிறது. அப்படிச் சிதறும்போது இன்னொன்றும் நடக்கிறது: எல்லாத் தளங்களிலும் அதிர்ந்துகொண்டிருந்த ஒளியில் பெரும்பங்கு ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக மாறிவிடுகிறது. பள்ளியில் தளவிளைவு என்று படித்தோமே, அதுதான். ஆனால் வானம் முழுக்க இது ஒரே அளவில் இருப்பதில்லை. சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் வானத்தில்தான் மிக அதிகம். சூரியனை ஒட்டிய பகுதியிலும் அதற்கு நேர் எதிரிலும் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். போலரைசர் செய்வதெல்லாம் ஒரு தளத்து ஒளியை மறிப்பது மட்டுமே. ஆகவே 90 பாகைப் பகுதி சட்டென்று இருளும், மற்ற இடம் அப்படியே இருக்கும்.

இப்போது லென்ஸின் கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுக்குச் சென்சார் உள்ள கேமரா) 16 மி.மீ. லென்ஸ் குறுக்குவாக்கில் சுமார் 97 பாகையை அள்ளிக்கொள்ளும். சூரியனிலிருந்து முழுக்கால் வட்டம் தள்ளியிருக்கும் வானமும், சூரியனுக்குப் பக்கத்து வானமும் ஒரே படத்துக்குள் வந்துவிடலாம். பிறகு எப்படி வானம் ஒரே நிறத்தில் இருக்கும்? 24 மி.மீ. என்றால் 74 பாகை, அதிலும் பட்டை தெரியும். 35 மி.மீ.க்கு 54 பாகை, அங்கிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கவலை விடும். வைட் ஆங்கிளில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். அதே 24 மி.மீ. லென்ஸ் அப்போது குறுக்குவாக்கில் 53 பாகையைத்தான் பார்க்கும். மலை உச்சி, மேகம், மரக்கிளை என்று ஏதாவது ஒன்று வானத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டாலும் பட்டை கண்ணில் படாது. பளிங்கு போன்ற வெற்று வானத்தில்தான் அது கூச்சலிடும்.

சரி, கறுப்பு வானம்? அது உயரத்தின் வேலை. மேலே ஏற ஏறக் காற்று குறைகிறது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். தூசியும் ஈரமும் பெரும்பாலும் கீழ்க்காற்றிலேயே தங்கிவிடும். வானத்தை வெளுக்க வைப்பவை அவைதான், தளவிளைவைக் கெடுப்பவையும் அவையே. அவை இல்லாத உயரத்தில் வானம் தன்னாலேயே ஆழ்ந்த நீலமாக இருக்கிறது. அதன் மேல் போலரைசரை முழுசாகத் திருப்பினால், ஏற்கெனவே இருண்டதை மறுபடி இருட்டடிக்கிறோம். பக்கத்தில் வெயிலில் பளபளக்கும் பனிச் சிகரம் வேறு. பனிக்குச் சரியாக எக்ஸ்போஷர் (உள்ளே விடும் ஒளியின் அளவு) வைத்தால் வானம் மை கொட்டியது போல ஆகிவிடும். சமவெளியில் அழகாக இருந்த அதே திருப்பு, மலையில் படத்தைக் கெடுக்கிறது.

பட்டை எங்கே விழும் என்பதை ஃபில்டரை மாட்டும் முன்பே கண்டுபிடிக்கலாம். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக வையுங்கள். ஆள்காட்டி விரல் அசையாமல் மணிக்கட்டை மட்டும் சுழற்றினால், கட்டைவிரல் வானத்தில் ஒரு வளைவு வரையும் அல்லவா, அந்த வளைவு நெடுகத்தான் இருட்டு. காலையிலும் மாலையிலும் சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது அந்த வளைவு தலைக்கு நேர் மேலே ஏறி, சூரியனுக்கு இடமும் வலமுமாகத் தரையில் இறங்கும். அதனால் அந்த நேரத்தில் சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருந்தால் பட்டை தூண் மாதிரி படத்துக்குள் நிற்கும். உச்சிவெயிலில் சூரியன் தலைக்கு மேலே இருந்தால் வளைவு தொடுவானத்தை ஒட்டிச் சுற்றிலும் படுத்துவிடும். அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைகளுக்கு மேலுள்ள வானம் ஓரளவு சீராகவே இருளும். நடுப்பகலில் லேண்ட்ஸ்கேப் எடுக்கக்கூடாது என்பார்கள், போலரைசர் கையில் இருந்தால் அந்த விதியை நான் அவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எவ்வளவு திருப்புவது? முழுசாக இருட்டாகும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து 45 பாகை பின்னால் வாருங்கள். அந்த இடத்தில் விளைவு சரிபாதி. மாலுஸின் விதி என்று இயற்பியலில் வருவது இதுதான், கோணத்தின் கொசைனின் வர்க்கத்தைப் பொறுத்து ஒளி குறைகிறது. இந்தக் கணக்கில் நடைமுறைக்கு உதவும் ஒரு விஷயம் உண்டு. உச்சத்துக்குப் பக்கத்தில் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் படத்தில் மாற்றமே தெரியாது. நடுவில்தான் விறுவிறுவென்று மாறும். முழு விளைவிலிருந்து பத்துப் பாகை பின்வாங்கிவிட்டு, குறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். உண்மையில் அங்கே எதுவும் குறைந்திருக்காது. தைரியமாகத் திருப்ப வேண்டும்.

இனி, இந்த ஃபில்டரை நான் ஏன் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். 1808-ல், மேலே சொன்ன விதிக்குப் பெயர் தந்த பிரெஞ்சு இயற்பியலாளர் எத்தியென் லூயி மாலுஸ், பாரிஸில் தன் வீட்டிலிருந்து லுக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலைவெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படிகத்தைத் திருப்பத் திருப்பப் பிரதிபலிப்பு மங்கி மங்கித் தெரிந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒரு தளத்துக்குள் அடங்குகிறது என்பது அன்றுதான் பிடிபட்டது. கண்ணாடிக்கு நடப்பது தண்ணீருக்கும் நடக்கும், நனைந்த பாறைக்கும், இலைக்கும், புல்லுக்கும் நடக்கும். உலோகத்துக்கு மட்டும் இது அவ்வளவாகப் பொருந்தாது. மலையில் உலோகத்துக்கு என்ன வேலை!

மழை ஓய்ந்த ஒரு காலையில், ஓடைக்கரைப் பாறைகளின் மேல் பாசி. வெறும் கண்ணுக்கு அந்தப் பாசி சாம்பல் பூசினாற்போல இருந்தது. மேகமூட்டமான வானம் முழுவதும் ஒவ்வொரு பாறையின் ஈரத்திலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கேமராவை முக்காலியில் வைத்து, வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி வளையத்தை மெதுவாகத் திருப்பினேன். முதலில் முன்னாலிருந்த ஒரு பாறையின் தோள் மட்டும் கறுத்தது. அப்புறம் அந்த வெள்ளைத் தோல் பாறை பாறையாக உரிந்துகொண்டே போனது. அடியிலிருந்து பச்சை வந்தது, அந்தப் பச்சைக்குள் மஞ்சளும், பாறை வெடிப்பில் துருச் சிவப்பும். பக்கத்துப் பெரணி இலைகள் ஒவ்வொன்றாக நிறம் ஏறின. படத்தில் வானம் ஒரு துளிகூட இல்லை. என் கணக்கில் போலரைசரின் முழு அருமை அதுதான்.

இதைக் கணினியில் பிறகு செய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். வானத்தை இருட்டாக்குவதைச் செய்யலாம், மிக எளிது. இந்த வேலையைச் செய்ய முடியாது. இலையின் மேல் வெள்ளைப் பளபளப்பு உட்கார்ந்திருந்தால், அதன் அடியில் இருக்கும் பச்சை சென்சாருக்கு வந்து சேரவே இல்லை. வராத நிறத்தை மென்பொருளில் எந்த ஸ்லைடரை இழுத்தும் கொண்டுவர முடியாது, செறிவை ஏற்றினால் சாம்பல்தான் இன்னும் அசிங்கமாகத் தெரியும். ஆகவே மேகமூட்டமான நாளில் போலரைசரைக் கழற்றி வைக்காதீர்கள். காட்டுக்கும் அருவிக்கும் ஓடைக்கும் அதுவே அதற்கு ஏற்ற நாள். அருவியில் இன்னொரு லாபமும் உண்டு. ஃபில்டர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளியைத் தின்றுவிடும், அதனால் ஷட்டர் தானாகவே மெதுவாகி, தண்ணீர் நூல் நூலாக இழையும்.

மலை ஏரிக்கு வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியை எல்லாக் கோணங்களிலும் ஒரேயடியாக மறிக்க முடியாது. தொடுவானத்திலிருந்து சுமார் 37 பாகை கீழே நோக்கிப் பார்க்கும் தண்ணீரில்தான் அது முழுசாக மறையும். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815-ல் வகுத்த கோணம் அது. கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள், உங்கள் காலிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீர் அந்தக் கோணத்தில் வரும். அங்கே ஃபில்டரைத் திருப்பினால் அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் எண்ணிவிடலாம் போலத் தெரியும். ஏரியின் மறுகரையை ஒட்டிய தண்ணீரையோ கண் கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் பார்க்கிறது, அங்கே ஃபில்டரின் பிடி தளர்ந்துவிடும், சிகரத்தின் பிரதிபலிப்பு பெரும்பாலும் தப்பித்துவிடும். மலை ஏரிப் படங்களில் என் மனதுக்கு மிகப் பிடித்த அமைப்பு இதில்தான் கிடைக்கிறது: முன்னால் கற்கள், பின்னால் தலைகீழ் மலை, நடுவில் ஒன்று மற்றொன்றாகக் கரையும் இடம். முக்காலியைத் தாழ்த்தினால் அந்தத் தெளிந்த பகுதி இன்னும் கிட்டே வந்து சுருங்கும், உயர்த்தினால் தள்ளிப் போகும். வளையத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருக்காமல் முக்காலியின் காலையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

காற்றே இல்லாத விடியலில் ஏரி முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்து, உங்களுக்கு அந்தத் தலைகீழ் மலைதான் வேண்டும் என்றால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். அல்லது பிரதிபலிப்பு மிகப் பிரகாசமாகத் தெரியும்வரை எதிர்த்திசையில் திருப்புங்கள். ஃபில்டர் மறிக்க மட்டும் செய்யும் என்றில்லை. மற்ற ஒளியைக் குறைத்து, பிரதிபலிப்பை உள்ளே விடும்படியும் வைக்கலாம்.

தூரத்து மலைகளின் மேல் படரும் நீலப் படலம் மலைப்படம் எடுப்பவர்களுக்கு ஓயாத தலைவலி. இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1861-ல் ஆல்ப்ஸின் வைஸ்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர். மிக நுண்ணிய துகள்களில் சிதறும் ஒளி நீலமாக இருக்கிறது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அதில் தளவிளைவும் இருக்கிறது என்று 1869-ல் ஆய்வுக்கூடத்தில் காட்டியவரும் அவரே. மலைகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய நீலப் படலமும் அதே வகைதான். ஆகவே சூரியன் பக்கவாட்டில் இருந்தால் போலரைசர் அந்தப் படலத்தை நன்றாகவே விலக்கும். அடுக்கடுக்கான மலைகளில் மூன்றாவது அடுக்கின் பள்ளத்தாக்கு மடிப்புகள் எழுந்து வரும். சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் பயன் குறைவு. அடர்ந்த மூடுபனியில் பயனே இல்லை, அதற்குள் ஒளி பலமுறை பட்டுச் சிதறி ஒழுங்கை இழந்துவிடுகிறது. ஒன்று சொல்ல வேண்டும். அடுக்கு மலைகளின் அழகே அந்தப் படலம்தான் என்று தோன்றும் காலைகளும் உண்டு. அடுக்குக்கு அடுக்கு வெளிறிக்கொண்டே போகும் அந்தத் தூரத்தை ஃபில்டர் போட்டுத் துடைத்துவிட்டால் மலைகள் எல்லாம் ஒரே சுவரில் ஒட்டியது போலாகிவிடும். இரண்டு விதமாகவும் எடுத்து வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

பனியிலும் கவனம் வேண்டும். தாழ்ந்த வெயிலில் பனிப்பரப்பின் மேல் ஓடும் மினுமினுப்பும் ஒரு பிரதிபலிப்புதான். அதை முழுசாக எடுத்துவிட்டால் பனி சுண்ணாம்புச் சுவர் மாதிரி செத்துப் போகும். பாதித் திருப்பு போதும், பல சமயம் அதுகூட வேண்டாம்.

வானவில் வந்தால் மறக்காமல் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் வில்லே காணாமல் போகும், அங்கிருந்து 90 பாகை திருப்பினால் முன்பைவிட அழுத்தமாக நிற்கும். வில்லின் ஒளி அதன் வளைவை ஒட்டியே அதிர்வதால் உச்சியையும் கால்களையும் ஒருசேரத் தூக்கிக்காட்ட முடியாது. எந்தப் பகுதி உங்கள் படத்தில் முக்கியமோ அதைப் பார்த்துத் திருப்புங்கள்.

கைப்பழக்கத்தில் சில விஷயங்கள். கேமராவைப் படுக்கைவாக்கிலிருந்து நெட்டுக்குத்தாக மாற்றினால் ஃபில்டரும் கூடவே 90 பாகை திரும்பிவிடுகிறது. அதாவது முழு விளைவில் இருந்தது பூஜ்யத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திருப்பியாக வேண்டும், அவசரத்தில் எல்லாரும் மறப்பது இதைத்தான். வளையத்தை எப்போதும் ஃபில்டர் இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றிச் சுற்றி மரை கழன்று, கண்ணெதிரே ஃபில்டர் சரிவில் உருண்டு போனதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதற்காகப் போட்டு இறுக்கவும் வேண்டாம், குளிரில் உலோகம் கவ்விக்கொள்ளும். சிக்கிக்கொண்டால் விளிம்பை இரண்டு விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள், வளையம் நெளிந்து இன்னும் இறுகும். ஒரு அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றிலும் மாட்டி உள்ளங்கையால் திருப்பினால் வந்துவிடும். யூவி ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் போலரைசரை மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால் வைட் ஆங்கிளில் படத்தின் மூலைகள் கறுக்கும்.

ஷட்டர் கணக்கையும் மனதில் வையுங்கள். 1/125 நொடியில் எடுத்துக்கொண்டிருந்தால் அது 1/60 முதல் 1/30 நொடி வரை இறங்கிவிடும். காற்றில் ஆடும் மலர்களுக்கு அது போதாது, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) ஏற்ற வேண்டியிருக்கும். சூரியனே படத்துக்குள் இருந்தாலும், பல படங்களைச் சேர்த்துப் பனோரமா ஒட்டப் போகிறீர்கள் என்றாலும், இரவு வானம் எடுக்கிறீர்கள் என்றாலும் கழற்றிப் பையில் போடுங்கள். பனோரமாவில் பட்டை பல மடங்கு பெரிதாக வந்து நிற்கும், எந்த மென்பொருளும் அதை ஒழுங்காகச் சரிசெய்து நான் பார்த்ததில்லை.

வாங்கும் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்குலர் வகை என்று போட்டிருக்கட்டும். முன்னால் ஒரு சாதாரண போலரைசர், அதன் பின்னால் ஒரு கால்-அலைத் தகடு (ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சுழன்று அதிரும் ஒளியாக மாற்றும் தகடு), அவ்வளவுதான் அது. எஸ்எல்ஆர் கேமராக்களின் ஆட்டோஃபோகஸும் ஒளியளவியும் குழம்பாமல் இருக்க அந்தத் தகடு வந்தது. பல அடுக்குப் பூச்சும் மெல்லிய வளையமும் இருந்தால் நல்லது. உங்கள் லென்ஸ்களில் எது பெரிய விட்டமோ அதற்கு ஒன்றே ஒன்று நல்லதாக வாங்கி, மற்ற லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டுக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்க எல்சிடி கணினித் திரை போதும். லென்ஸில் மாட்டும் மரையுள்ள பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கும்படி பிடித்துத் திரையைப் பார்த்தபடி திருப்புங்கள், ஒரு நிலையில் திரை நன்றாக இருண்டுபோக வேண்டும். மலையிலும் இதே மாதிரிதான், லென்ஸில் மாட்டும் முன் வெறும் கையில் பிடித்துக் கண்ணருகே வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒன்றும் மாறவில்லையென்றால் அந்தக் காட்சிக்கு அது தேவையில்லை.

எடுத்து வந்த படங்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பட்டை விழுந்தவற்றை ரா கோப்பாக (சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால், இருண்ட பகுதிக்கு மட்டும் ஒரு கிரேடியன்ட் (ஓரத்தில் படிப்படியாகக் கரையும் திருத்தம்) போட்டு நீல ஒளிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பாருங்கள், லேசான பட்டை மறையும். கறுப்பு வானத்தை உயர்த்தினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்பும், அங்கே மல்லுக்கட்டிப் பயனில்லை. அந்தப் படங்களில் வானத்தை வெட்டிவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் வைத்துப் பாருங்கள். நீங்கள் முழுசாகத் திருப்பி எடுத்தவை அவை. பாறையிலும் புல்லிலும் தண்ணீரிலும் ஃபில்டர் தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.